மீதி 23 மணி நேரம்

இங்கிலாந்தின் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றி எழுதப்பட்டிருக்கும் புத்தகங்களில் நான் பார்த்தவை எல்லாமே ஓடும் காரைப் பற்றியவை. எந்தப் பந்தயத்தில் எந்த இடம், எத்தனை குதிரைசக்தி, உருவத்தை வரைந்தவர் யார், எத்தனை விற்றது. ஆனால் நகரத் திட்டக்காரர்கள் போட்ட கணக்குப்படி, சராசரிக் கார் தன் ஆயுளில் நூற்றுக்கு 95 பங்கு சும்மா நின்றுகொண்டுதான் இருக்கிறது. நாளுக்கு ஒரு மணி நேரம், கொஞ்சம் கூடக்குறைய, ஓட்டம். மீதி 23 மணி நேரம் அது எங்கே நின்றது, அதன் மேல் என்ன விழுந்தது, யார் துடைத்தார்கள் என்பது சரித்திரத்தில் சேரவில்லை. சேராததற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை என்று தோன்றுகிறது. சாட்சிகள் இல்லை. ஷெட்டில் நின்ற கார்கள் மிஞ்சின. அவற்றை வைத்திருந்தவர்கள் புத்தகம் எழுதினார்கள். தெருவில் நின்றவை பெரும்பாலும் துருவாய் உதிர்ந்து பழைய இரும்புக்குப் போயின. பிழைத்தவற்றைக் கொண்டு எழுதப்படும் எந்தச் சரித்திரத்துக்கும் உள்ள கோளாறுதான் இது. நம் இலக்கிய வரலாறுகளைப் படிப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதைப் பேச எனக்கு என்ன யோக்யதை என்று கேட்கலாம். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. வங்கியில் குமாஸ்தா. வாகனக் கடன் காகிதங்களில் தேய்மானம் என்ற சொல்லை வருஷம் முழுக்க எழுதுகிறவன். பழைய புத்தகக் கடையில் எடைக்கு வந்த இங்கிலீஷ் மோட்டார் பத்திரிகைகளை, இலக்கியப் பத்திரிகைகள் கிடைக்காத வாரங்களில் வாங்கி வந்து படித்ததில் தொற்றிக்கொண்ட விஷயம் இது. அவற்றில் பந்தயச் செய்திகளை விட, கூரையில்லாத இடத்தில் காரை வைத்துக்கொண்டு திண்டாடுகிறவர்களுக்குச் சொல்லப்படும் யோசனைகளே என்னை இழுத்தன. அந்தப் பத்திகளில்தான் மனிதர்கள் இருந்தார்கள்.

ஒரு பெயரிலிருந்து தொடங்கலாம். எம்.ஜி. நம் ஊரில் இந்த இரண்டு எழுத்தைச் சொன்னால் மூன்றாவது எழுத்து தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். 2019 முதல் இங்கே அந்தப் பெயரில் விற்கிற வண்டிகளின் கதையும் வேறு. நான் சொல்வது பழைய எம்.ஜி. ஆக்ஸ்போர்டில் வில்லியம் மாரிஸ் என்பவருக்கு மாரிஸ் கராஜஸ் என்று ஒரு வியாபாரம் இருந்தது. கார் விற்பது, பழுது பார்ப்பது. 1922-இல் அதற்கு நிர்வாகியாக வந்த செசில் கிம்பர், மாரிஸின் சாதாரணக் கார்களின் அடிச்சட்டத்தின் மேல் அழகான உடல்களைப் பொருத்தி விற்க ஆரம்பித்தார். அந்தக் கடையின் முதலெழுத்துகள்தான் எம்.ஜி. ஆக, உலகத்தின் மிகப் பிரசித்தமான சிறிய ஸ்போர்ட்ஸ் காரின் பெயருக்குள்ளேயே ஒரு கராஜ் இருக்கிறது. அதை வாங்கியவர்களில் பலருக்கு அது இல்லை.

கராஜ் என்பது பிரெஞ்சுச் சொல். ஒதுக்கி நிறுத்துவது என்ற பொருளில், கால்வாயில் படகுகளை ஓரம் கட்டும் இடத்துக்கும் அதுவே வழங்கியது. மோட்டார் இங்கிலாந்துக்கு வந்த புதிதில் அதை வைத்திருந்தவர்கள் சாரட்டு வைத்திருந்தவர்கள். சாரட்டு நின்ற கொட்டடியிலேயே மோட்டாரும் நின்றது. குதிரை லாயத்தின் அமோனியா வார்னிஷைக் கெடுக்கும் என்பதால் சாரட்டை லாயத்திலிருந்து தள்ளி நிறுத்த வேண்டும் என்று அந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். அன்றைய காரின் மேல் பூச்சும் அதே சாரட்டு வார்னிஷ்தான், பல கைகளாகப் பூசித் தேய்த்தது. அதைத் துடைக்க ஒரு ஆள் சம்பளத்துக்கு இருந்தான். அதாவது கூரையும் வேலைக்காரனும் காரின் உறுப்புகளாகவே இருந்தார்கள்; கார் செய்தவன் அவர்களை நம்பித்தான் செய்தான்.

1928-இல் எம்.ஜி. மிட்ஜெட் வந்தது. விலை 175 பவுன். இந்த விலைதான் விஷயம். பள்ளிக்கூட வாத்தியாரும் குமாஸ்தாவும் எட்டிப் பார்க்கக்கூடிய தூரத்துக்கு ஸ்போர்ட்ஸ் கார் இறங்கி வந்தது. அதன் உடல் மரச் சட்டமும் பிளைவுட்டும், மேலே துணி. மழை தேசத்தில் துணி போர்த்திய ஒரு காரை, கூரை இருக்குமோ இருக்காதோ என்று தெரியாத ஒருவனுக்கு விற்றார்கள். சாரட்டின் உருவம் மட்டும் கீழே வந்தது. அதோடு சேர்ந்திருந்த கொட்டடியும் வேலையாளும் வரவில்லை. அந்த இரண்டு பேரின் வேலையையும் வாங்கியவனே செய்ய வேண்டியதாயிற்று. நான் சொல்ல வருவதெல்லாம் இந்த இடைவெளியைப் பற்றித்தான்.

யுத்தத்துக்குப் பிறகு வந்தவற்றைப் பாருங்கள். 1945 முதல் 1949 வரை 10,000 அளவில் செய்யப்பட்ட எம்.ஜி. டி.சி. மரச் சட்டத்தில் இரும்புத் தகடு அடித்தது. பக்கக் கண்ணாடி கிடையாது. சட்டத்தில் கட்டிய திரைகளைக் கையால் மாட்ட வேண்டும். 1955-இன் எம்.ஜி.ஏ.யிலும் அதே திரைதான், கதவுக்கு வெளியில் பிடி கிடையாது. 1958-இல் வந்த ஆஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட்டிலும் வெளிப்பிடி இல்லை. சாமான் வைக்கும் இடத்துக்கு மூடியே இல்லை, இருக்கைக்குப் பின்னால் கையை நுழைத்துத்தான் எடுக்க வேண்டும். சைக்கிள் கொட்டகையில் நிறுத்திக்கொள்ளலாம் என்கிற மாதிரி ஒரு கார், என்பது அதன் உற்பத்தியில் இருந்த எண்ணம் என்று சொல்வார்கள். சைக்கிள் கொட்டகையாவது இருப்பவனுக்கு என்று அவர்கள் நினைத்தது ஒருவிதத்தில் நேர்மை. இந்தக் கார்களைப் பூட்ட முடியாது. ராத்திரி தெருவில் விட்டுவிட்டுப் போகிறவன், யார் வேண்டுமானாலும் கதவைத் திறக்கலாம் என்று தெரிந்தேதான் படுக்கப் போனான்.

இங்கிலாந்தின் வீடுகளில் 1930களில் புறநகரில் கட்டிய இரட்டை வீடுகளுக்குப் பல இடங்களில் பக்கவாட்டில் ஷெட் உண்டு. அதற்கு முந்தைய நீண்ட வரிசை வீடுகளுக்கு வாசல் திறந்தால் தெரு. பழைய காரை இரண்டாம் கை, மூன்றாம் கையாக வாங்குகிற வாலிபர்கள் இருந்தது பெரும்பாலும் இந்த வரிசை வீடுகளின் மாடி அறைகளில். ஷெட் உள்ளவன் புதிதாக வாங்கி ஐந்தாறு வருஷம் வைத்திருந்து விற்பான். இல்லாதவன் வாங்குவான். காருக்கு வயதாகி, சீல்கள் தளர்ந்து, பெயிண்ட் மெலிந்து, எப்போது கூரை அவசியமோ சரியாக அப்போது கூரையில்லாதவன் கைக்கு அது வந்து சேரும். தேய்மானத்தை வருஷத்துக்கு இத்தனை சதவீதம் என்று சீராகக் கழிக்கும் எங்கள் லெட்ஜருக்கு இந்த ஞானம் கிடையாது.

1962-ஐச் சற்று நின்று பார்க்க வேண்டும். அந்த வருஷம் செப்டம்பரில் எம்.ஜி.பி. வந்தது. அக்டோபரில் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், லோட்டஸ் எலான். மூன்றும் திறந்த கார்கள். சாதாரண மனிதன் கனவு காணக்கூடியவை, எலான் கொஞ்சம் விலை அதிகம். எம்.ஜி.பி.யில்தான் எம்.ஜி.யின் திறந்த காருக்கு ஏற்றி இறக்கும் கண்ணாடியும் பூட்டுகிற கதவும் கிடைத்தன. தெருவில் நிறுத்துகிறவனை முதல் தடவையாக நினைத்துப் பார்த்த எம்.ஜி. என்று சொல்லலாம். அந்தக் குளிர்காலம் வந்தது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் விழ ஆரம்பித்த பனி பல இடங்களில் மார்ச் வரை கிடந்தது. இங்கிலாந்தில் 1740-க்குப் பிறகு அவ்வளவு கடுமையான குளிர்காலம் இல்லை. பனி இறுகாமலிருக்கச் சாலைகளில் உப்பைக் கொட்டினார்கள். செஷயரில் வின்ஸ்ஃபோர்ட் என்ற இடத்துச் சுரங்கத்தில் வெட்டுகிற கல் உப்பு; அந்தத் தேசத்துச் சாலைகளுக்கு இன்றும் அங்கிருந்து போகிறது. மூன்று புதிய கார்களின் முதல் குளிர்காலம் இப்படி உப்பில் நடந்தது.

துரு என்பது இரும்பும் தண்ணீரும் பிராணவாயுவும் சேர்ந்து செய்கிற வேலை. உப்பு கலந்தால் அந்தத் தண்ணீரில் மின்சாரம் சுலபமாக ஓடும், வேலை துரிதப்படும். இதில் ஒரு விநோதம் உண்டு. ஒரே ஈரத்தகட்டில் காற்று நன்றாகப் படும் இடம் பிழைத்துக்கொள்ளும். சேறு அப்பிக் காற்றுப் படாத இடத்தில்தான் இரும்பு கரையும். எனவே கார் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் கெடுவதில்லை. எங்கே மூடியிருக்கிறதோ அங்கே கெடுகிறது.

எம்.ஜி.பி.க்குத் தனி அடிச்சட்டம் கிடையாது, உடலே சட்டம். கூரையில்லாத உடல் நடுவில் மடங்காமலிருக்கக் கதவுகளுக்குக் கீழே இருபுறமும் பெட்டி மாதிரி உத்தரம் ஓடும். மெக்கானிக்குகள் பாஷையில் சில். மூன்று தகடுகளைப் பற்றவைத்துச் செய்தது. முன்சக்கரம் அடிக்கிற சேறு மட்கார்டின் பின்முனையில் தங்கி, இந்தப் பெட்டியின் வாயில் உட்கார்ந்துகொள்ளும். முன்கண்ணாடிக்குக் கீழே காற்று போகும் பள்ளத்தில் மரத்தின் இலை விழுந்து வடிகால் துவாரத்தை அடைத்தால், மழைத் தண்ணீர் போக வழியில்லாமல் உள்ளேயே இறங்கும். வெளியில் பெயிண்ட் பளபளவென்றிருக்க, பெட்டி உள்ளுக்குள் காகிதமாகும். பிறகு ஒருநாள் ஜாக்கி வைத்துத் தூக்கினால் கதவு திறக்காது. உடல் நடுவில் தொய்ந்து கதவைப் பிடித்துக்கொண்டிருக்கும். பழைய எம்.ஜி.பி. வாங்கப் போகிறவர்கள் செய்து பார்க்கிற பரீட்சையே இதுதான்.

லோட்டஸ் எலானின் உடல் ஃபைபர்; துருப்பிடிக்காது. தெருவில் நிறுத்துகிறவனுக்கு வரப்பிரசாதம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அதற்குள் முதுகெலும்பு மாதிரி ஒரு இரும்புச் சட்டம். எலானின் முகப்பு விளக்குகள் இமை மாதிரி மூடித் திறப்பவை. அவற்றைத் தூக்குகிற வெற்றிடத்தைச் சேமித்து வைக்கும் கலமாக, அந்தச் சட்டத்தின் முன் குறுக்கு உறுப்பையே பயன்படுத்தினார்கள். சிக்கனமான, கெட்டிக்கார யோசனை. அது உள்ளே துருவேறித் துளை விழுந்தால் வெற்றிடம் கசியும். ஆரம்பகால எலான்களில் தூக்கிய விளக்கு மெல்லக் கண்ணை மூடிக்கொண்டுவிடும். உடலில் ஒரு மாசு இல்லாத கார் இப்படித்தான் தன் நோயைச் சொல்லும். உருவத்தையும் உள்ளடக்கத்தையும் பற்றி நாம் பக்கம் பக்கமாகச் சண்டை போட்டிருக்கிறோம். இந்த விளக்குகளைப் பற்றிப் படித்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

ஸ்பிட்ஃபயரின் கதை நமக்குப் பக்கத்து வீட்டுக் கதை. டிரையம்ஃப் ஹெரால்ட் என்ற குடும்பக் காரின் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் ஸ்பிட்ஃபயரைச் செய்தார்கள். இரண்டையும் வரைந்தவர் இத்தாலியரான மிச்செலோட்டி. அந்த ஹெரால்டைத்தான் 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற பெயரில் செய்தார்கள். பிறகு நான்கு கதவும் வைத்தார்கள். ஹெரால்டின் சட்டத்துக்குப் பக்கவாட்டுக் கைகள் உண்டு. சில் வெறும் மூடாக்கு. ஸ்பிட்ஃபயரில் அந்தக் கைகளை எடுத்துவிட்டு பாரத்தைச் சில்லின் தலையில் போட்டார்கள். ஆக, அக்காவுக்குத் துரு வந்தால் அவலட்சணம். தங்கைக்கு வந்தால் முதுகு போய்விடும்.

90களின் பிற்பகுதியில், நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாட்களில், எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவரிடம் ஹெரால்ட் ஒன்று இருந்தது. ஸ்போர்ட்ஸ் கார் இல்லைதான். ஆனால் முன்பக்கம் முழுவதும் முதலை வாய் மாதிரி ஒரே துண்டாகத் திறக்கும்போது நாங்கள் ஓடிப் போய் நிற்போம். அவர் வீட்டில் ஷெட் கட்ட இடமில்லை. வேப்பமரத்தடியில் நிறுத்தித் தார்ப்பாய் போட்டு, நான்கு மூலையிலும் செங்கல் வைத்துக் கட்டுவார். ஆரம்பத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் எடுத்து ஒரு சுற்று. பிறகு கண் மங்கி, சுற்று நின்றது. தார்ப்பாய் நிற்கவில்லை. மழைக்காலத்தில் இன்னொன்றும் சேர்த்துப் போட்டார். "வெயிலு மழை ஒண்ணும் படாது தம்பி, உள்ள அப்படியே இருக்கு" என்று என்னிடம் ஒருதரம் சொன்னார். நான்கு வருஷம் கழித்து மகன் வந்து விற்க எண்ணி அவிழ்த்தபோது உள்ளே பொறுக்க முடியாத பூஞ்சை நாற்றம். தரைத் தகட்டில் கால் வைத்தால் தெரு தெரிந்தது. ஹெட்மாஸ்டர் ஸார் திண்ணையிலிருந்து எழுந்து வரவில்லை.

அப்போது எனக்கு அது விளங்கவில்லை. அந்த மோட்டார் பத்திரிகைகளைப் படித்த பிறகுதான் விளங்கியது. காற்றுப் போகாத படுதாவுக்குள் மண்ணின் ஈரம் ஆவியாக ஏறும். ராத்திரி குளிர்ந்த தகட்டில் வேர்த்து நிற்கும். காலையில் போக வழியிருக்காது. காற்றில் படுதா அடித்துக்கொண்டால், கீழே உள்ள மணல் பெயிண்டைத் தேய்க்கும். ஈரத்தோடு உப்போடு காரைக் கொண்டுபோய்க் கதகதப்பான ஷெட்டில் பூட்டுவதும் இதே தப்பு. வெப்பம் ரசாயனத்தைத் துரிதப்படுத்தும், வெளியே குளிரில் நின்றதே தேவலை. கூரை இல்லாதவனுக்குச் சொல்லப்பட்ட யோசனைகள் எல்லாமே இதற்கு எதிர்த் திசையில் போகின்றன. வாரம் ஒருமுறையாவது நன்றாகச் சூடேறும் வரை ஓட்டு. அடியைக் கழுவு. வடிகால் துவாரங்களைக் கம்பி விட்டுக் குத்து. நீண்ட நாள் நிறுத்துவதானால் ஹாண்ட் பிரேக்கைப் போடாதே, ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு சக்கரத்துக்குக் கட்டை வை. குளிரில் டாப்பை மடக்காதே, பின்னால் உள்ள பிளாஸ்டிக் ஜன்னல் விரிசல் விடும். அடியில் பழைய எஞ்சின் ஆயிலைத் தெளி. பிற்காலத்தில், பெட்டிகளுக்குள் மெழுகுக் கரைசல். லைம் மரத்தடியில் நிறுத்தாதே. அந்த மரத்தின் அசுவிணிகள் கோடை முழுக்கத் தேன் மாதிரி ஒட்டும் ஒன்றைப் பெய்துகொண்டிருக்கும். லண்டனின் பல தெருக்களில் நிழல் மரமே லைம்தான்.

இதில் ஒன்றுகூட ஒருதரம் செய்துவிட்டு மறக்கிற காரியம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கூரை, பணம் கொடுத்தால் ஒருதரம் கட்டி முடிந்துவிடும். இது அன்றாடம். நான் இதைப் புனிதப்படுத்தவில்லை. இவ்வளவு செய்தும் அவர்களில் பெரும்பாலோர் தோற்றார்கள். 1960-இல் பத்து வருஷத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு வந்த கட்டாயப் பரிசோதனை, 1967-இல் மூன்று வருஷக் கார்களுக்கே என்று இறங்கியது. பாரம் தாங்கும் இடத்தில் துரு என்றால் கார் தெருவுக்கு வர முடியாது என்றும் பிறகு ஆயிற்று. பட்டறையில் தகடு வைத்துப் பற்றவைக்கும் செலவு காரின் விலையைத் தாண்டிய வருஷத்தில், அதைத் தினம் துடைத்தவனே இரும்புக் கடைக்கு ஓட்டிக்கொண்டு போனான்.

எம்.ஜி.பி.களில் பெரும்பங்கு அமெரிக்காவுக்குப் போனவை. கலிபோர்னியாவில் வருஷக்கணக்காக வெட்டவெளியில் நின்றவற்றின் டாஷ்போர்டு வெடித்தது, இருக்கைகள் கிழிந்தன, டாப் பொடியாயிற்று. இரும்பு மட்டும் அப்படியே இருந்தது. பின்னால் இங்கிலாந்துக்காரர்கள் அவற்றைக் கப்பலில் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். கூரை தேவையா என்ற கேள்வியே ஒரு தேசத்தின் வானத்தைப் பொறுத்தது என்று இதற்கு அர்த்தம்.

எம்.ஜி. செய்த அபிங்டன் தொழிற்சாலை 1980-இல் மூடப்பட்டது. 1988-இல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம் பழைய அச்சுகளைத் தேடி எடுத்து எம்.ஜி.பி.யின் முழு உடலையும் புதிதாக அடித்து விற்க ஆரம்பித்தது. மக்கிய காரிலிருந்து எஞ்சின், சக்கரம், இருக்கை எல்லாவற்றையும் கழற்றிப் புது உடலில் மாட்டிக்கொள்ளலாம். அது அதே காரா என்று அங்கே இன்னும் வாதம் உண்டு. ஏடு செல்லரிப்பதற்குள் பிரதி எடுத்து, பழையதை ஆற்றில் விட்ட ஊர்க்காரர்களுக்கு இந்த வாதம் அவ்வளவு தலை சுற்றாது. எனக்கு உறுத்துவது வேறு. புது உடல் வாங்கிப் போட்டவர், அவ்வளவு செலவழித்துவிட்டோமே என்று, பெரும்பாலும் அதை மழையில் எடுப்பதில்லை. பழைய கார் இன்ஷூரன்ஸ் பத்திரங்களிலும், ராத்திரி கார் எங்கே நிற்கிறது என்று கேட்டு, பூட்டிய ஷெட் என்று எழுதினால்தான் ஒப்புக்கொண்ட மதிப்பைத் தருவோம் என்கிறவை உண்டு. காற்றைச் சுத்தப்படுத்தி உள்ளே அனுப்பும் பிளாஸ்டிக் குமிழிகள் விற்கின்றன. ஷெட்டுக்குள் அதை ஊதி, அதற்குள் கார். மிட்ஜெட் எந்த மனிதனுக்காக விலை குறைந்ததோ, அவன் இந்த வட்டத்தில் இல்லை. பழைய எம்.ஜி.பி. ஒன்றைச் சொந்தமாக வைத்துத் தெருவில் நிறுத்துகிறவர் இன்று அங்கே இருந்தால், பைத்தியக்காரர் என்றுதான் பேர். நூல்களின் கடைசி அத்தியாயங்களில் அவருக்கு இடம் கிடையாது. காருக்கு என்ன தீங்கு செய்யக்கூடாது என்பதற்கு உதாரணமாக வேண்டுமானால் வருவார்.

ஹெட்மாஸ்டர் வீட்டு ஹெரால்டை இரும்புக்காரன் இரண்டு நாள் வைத்து அறுத்து எடுத்துப் போனான். தார்ப்பாய்கள் இரண்டும் நல்ல நிலையில் இருந்தன. ஒன்றைத் தெருக்கோடியில் வீடு கட்டிக்கொண்டிருந்தவர்கள் சிமெண்ட் மூட்டைகளை மூட வாங்கிக்கொண்டார்கள்.